உறைந்த கடலில் இடைவெளிக் கணக்கு

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கிடக்கும் போத்னியா வளைகுடாவின் வடபகுதி ஆண்டு தவறாமல் உறைகிறது. பெருங்கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். இங்கே 2 முதல் 4 கிராம்தான். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் பாதி ஏரியாகிவிட்ட கடல் இது. பெருங்கடல் நீர் −1.8 டிகிரி வரை உறையாமல் நிற்கும். இந்த நீர் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும். நவம்பரில் தொடங்கும் பனிக்காலம் மே வரை நீள்வதுண்டு. ஆனாலும் கெமி, ஊலு, லூலியோ துறைமுகங்களில் சரக்குக் கப்பல்கள் வருவதும் போவதுமாகவே இருக்கின்றன. பின்லாந்தின் வெளிநாட்டு வணிகத்தில் பெரும்பகுதி கடல்வழியேதான் நடக்கிறது. கடுங்குளிர் ஆண்டில் அந்நாட்டின் எல்லாத் துறைமுகங்களும் உறைந்துபோகலாம் என்பதால், கப்பலை நிறுத்திவைப்பது அங்கே நடக்கிற காரியமல்ல.

கரையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் பனி அவ்வளவு பொல்லாதது அல்ல. அதன் தடிமன் தெரிந்தால் பயணத்தைத் திட்டமிட்டுவிடலாம். வெளியே மிதந்து திரியும் பனிதான் ஆபத்து. காற்று தள்ளத் தள்ளப் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு கட்டுகின்றன. மேலே ஆளுயரம் தெரியும் மேட்டின் அடிப்பகுதி நீருக்குள் பல மீட்டர் இறங்கியிருக்கும். 20 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. காற்று ஒரே திசையில் நீடித்து வீசினால் வெட்டிய வழி கண்ணெதிரே மூடிக்கொள்ளும். நடுவில் அகப்பட்ட கப்பலை இருபுறமும் பனி நெருக்கும். 2010 மார்ச்சில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே பால்டிக் கடலில் ஏறக்குறைய 50 கப்பல்கள் இப்படித்தான் சிக்கின. பெரிய பயணிகள் கப்பல்களும் அவற்றில் இருந்தன.

இத்தகைய கடலுக்கு வரும் கப்பலின் உடலே வேறு மாதிரி கட்டப்படுகிறது. நீர்மட்டத்தையொட்டிப் பனி உரசும் பட்டையில் தடித்த எஃகுத் தகடும் நெருக்கமான சட்டங்களும் இருக்கும். பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்து வகுத்த விதிகளில் நான்கு முக்கியத் தரங்கள் உண்டு: ஐஏ சூப்பர், ஐஏ, ஐபி, ஐசி. அவற்றுக்கான வடிவமைப்புப் பனித்தடிமன் முறையே 1 மீட்டர், 80, 60, 40 சென்டிமீட்டர். நொறுங்கிய பனி நிறைந்த கால்வாயில் குறைந்தது 5 நாட் வேகத்தில் நகரும் அளவுக்கு எஞ்சினுக்கு வலு வேண்டும் என்பதும் விதி. ஆனால் தரச் சான்று மட்டும் கப்பலைக் காப்பாற்றிவிடாது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல தரமுள்ள கப்பலும் அவசரப்பட்டால் தகடு நசுங்கித்தான் திரும்பும்.

எஞ்சின் அறையில் ஒரு விசித்திரமான தொல்லையும் உண்டு. கடலே உறைந்து கிடக்கும்போது எஞ்சின் சூடேறி நின்றுபோகும்! எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் அடிப்பக்கத் துளைகள் வழியே ஒரு தொட்டிக்குள் வருகிறது. கூழாக நொறுங்கிய பனி அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் வரத்து நின்று வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். இதற்காகத்தான் எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீரைக் கடலில் விடாமல் அதே தொட்டிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் பனிக்கூழ் உருகிவிடும். பின்னோக்கி நகரும்போது சுக்கானை நேராக நடுவில் வைப்பது இன்னொரு கட்டாயம். திருப்பி வைத்திருந்தால் பனிப்பாளத்தின் அழுத்தம் அதை முறுக்கி உடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான கப்பல்களுக்குப் பனியுடைப்புக் கப்பலின் துணை வேண்டும். அது பனியைக் கத்திபோல் அறுப்பதில்லை. மேலே ஏறித் தன் எடையால் அமுக்கி உடைக்கிறது. அதன் பின்னே உண்டாகும் கால்வாயில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக வருகின்றன. பனிக்காலம் முற்ற முற்ற, குறைந்த தரமும் குறைந்த கொள்ளளவும் உள்ள கப்பல்களுக்கு இந்த உதவி கிடையாது என்று அறிவிக்கப்படும். கடுமையாகத் தோன்றினாலும் நியாயமான ஏற்பாடுதான். வலுவற்ற ஒரு கப்பல் வழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனையும் நிற்க வேண்டும்.

சிக்கல் முழுவதும் இந்த வரிசையின் இடைவெளியில்தான் இருக்கிறது. தள்ளி வந்தால் கால்வாய் மூடிக்கொள்ளும். ஒட்டி வந்தால், முன்னே போகும் பனியுடைப்பான் ஒரு மேட்டில் முட்டிச் சட்டென்று நிற்கும்போது, பின்னால் வருவது அதன்மேல் ஏறிவிடும். முன்னதைத் தடுத்த பனி பின்னதற்கு இல்லை. ஆயிரக்கணக்கான டன் சரக்குடன் அது திறந்த வழியில் வழுக்கிக்கொண்டு வரும். எஞ்சினைப் பின்னோக்கி முழு வலுவில் ஓட்டுவதும், அதுவும் போதாதபோது கால்வாயின் ஓரப் பனியில் முகத்தைத் திருப்பி முட்டுவதும்தான் கேப்டனுக்கு இருக்கும் வழிகள். மோதலைத் தவிர்க்கப் பனியுடைப்பானின் பின்புறம் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் உண்டு. ஒற்றை எழுத்துச் சைகைகளும் உண்டு: ‘கியூ’ என்றால் இடைவெளியைக் குறை, ‘எல்’ என்றால் உடனே நிறுத்து. பகல் சில மணி நேரமே நீடிக்கும் டிசம்பர், ஜனவரியில் இந்த விளக்கையும் வானொலியையும் நம்பித்தான் எல்லாம்.

நெருக்கம் மிகுந்தால் இடைவெளியையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். பனியுடைப்பானின் பின்புறத்தில் ரப்பர் மெத்தை வைத்த ஒரு பள்ளம் இருக்கும். சரக்குக் கப்பலின் முன்முனையை வடத்தால் இழுத்து அதற்குள் பொருத்திவிட்டால் இரண்டும் ஒரே உடலாகப் போகும். நீருக்கடியில் குமிழ்போல் நீண்ட முனையுள்ள கப்பல்களை இப்படிப் பொருத்துவது எளிதல்ல.

பாதை தேர்வில் ரேடார் செயற்கைக்கோள்கள் பெரிய உதவி. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 இருளையும் மேகத்தையும் ஊடுருவிப் பனியின் போக்கைக் காட்டுகிறது. அதைக் கொண்டு பின்லாந்து வானிலை நிறுவனம் பனி வரைபடங்கள் வெளியிடுகிறது. இரு நாட்டுப் பனியுடைப்பான்களும் ஒரே தகவல் வலையில் இணைந்து கப்பல்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

புதிய சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எரிபொருள் சிக்கனத்துக்கான சர்வதேச விதி 2013 முதல் நடைமுறைக்கு வந்தபின், வலு குறைந்த எஞ்சின்களுடன் கட்டப்படும் கப்பல்கள் பெருகுகின்றன. திறந்த கடலில் இது நல்லதே. பனியில் அவை அடிக்கடி நின்று துணையை அழைக்கின்றன. அழைப்புக்கு வரும் கப்பல்களிலோ இன்னும் 1970-களில் கட்டியவை இருக்கின்றன. பின்லாந்தின் ஊர்ஹோ என்ற பனியுடைப்பான் பணியில் சேர்ந்தது 1975-இல்.