வயலில் எத்தனை எலிகள்?

எலிக்கு மருந்து வைத்த செலவு பலித்ததா என்று அறிய, முன்னும் பின்னும் எத்தனை எலிகள் இருந்தன என்று தெரிய வேண்டும். வளைக்குள் வாழ்ந்து இரவில் நடமாடும் எலிகளை நேரில் எண்ண முடியாது. எனவே ஆராய்ச்சியாளர்கள் எலிகளைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடித்துப் பார்க்கின்றனர். அமெரிக்காவில் லிங்கன் என்ற பறவை ஆய்வாளர் 1930-ஆம் ஆண்டில் காட்டு வாத்துகளின் தொகையை இவ்வகையிலேயே கணித்தார். (தஞ்சாவூர்க் கிட்டி இதற்கு உதவாது, சிக்கிய எலி செத்துவிடும். கூண்டுப் பொறிதான் வேண்டும்.)

கணக்கு எளிது. முதலில் 40 எலிகளைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டோம் என்று கொள்வோம். சில நாள் கழித்துப் பிடித்த 50 எலிகளில் 10-ல் அடையாளம் இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் நாம் அடையாளமிட்ட 40-ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வயலில் 200 எலிகள்.

இது சில அனுமானங்களை நம்பி நிற்கிறது. அடையாளம் அழியக்கூடாது என்பது ஒன்று. ஒவ்வோர் எலிக்கும் இரண்டு அடையாளம் இட்டு, ஒன்று மட்டும் அழிந்தவை உண்டா என்று பார்த்து இதைச் சோதிக்கலாம். எல்லா எலிகளும் ஒன்றுபோலப் பொறிக்கு வரும் என்ற அனுமானம்தான் தொல்லை. மாட்டிய எலி மிரண்டு ஒதுங்கினால் கணக்கு கூடுதலாக வரும். கருவாட்டின் ருசி கண்டு திரும்பி வந்தால் குறையும். பாதி எலிகள் எந்தப் பொறியையும் அண்டாதவை என்றால்? அப்போதும் அதே 40, 50, 10 கிடைக்கும். ஆனால் இருப்பவை 400. அந்த எண்களை எப்படிப் புரட்டினாலும் 200-ஆ, 400-ஆ என்று தெரியாது. பலமுறை பிடித்தால் மிரண்டவற்றைப் பற்றி ஓரளவு தெரியவரும். ஒருபோதும் வராத எலி எந்தக் கணக்கிலும் தடம் விடுவதில்லை.

விவசாயிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. சிங்க் பாஸ்பைடு கலந்த இரையைச் சிறிது தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. இரை அப்படியே கிடப்பதைப் பார்த்து எலி ஒழிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே கொன்ற கருவியையே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். மாலையில் வரப்பிலுள்ள வளைகளை மண்ணால் அடைத்து, மறுநாள் காலை எத்தனை திறந்துள்ளன என்று எண்ணுங்கள். ஒரு வளைக்குப் பல வாய்கள் இருக்கலாம். எனவே இது எலிகளின் தொகை ஆகாது. ஆயினும் இரையை வெறுக்கும் எலியும் வளையைத் திறந்தாக வேண்டும். மருந்து வைக்குமுன் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, அதே வரப்புகளில் எண்ணி ஒப்பிடுங்கள்.