ஆண்மைக்குறைவு மாத்திரை: டாக்டரிடம் எதையெல்லாம் மறைக்கக் கூடாது?

தருமபுரி மாவட்டம் கடத்தூர் மாதிரியான ஊர்களில் மெடிக்கல் கடைக்காரரும் தெரிந்தவர், பக்கத்தில் நிற்பவரும் தெரிந்தவர். இந்தக் கூச்சத்திலேயே டாக்டரிடம் போகாமல், நண்பர் கொடுத்தார் என்று மாத்திரை போடுபவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்துதான் சில்டெனாஃபில். 1998-ல் 'வயாக்ரா' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது ரத்தக்குழாயைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஆசையைத் தூண்டும் மருந்து இல்லை.

யார் போடவே கூடாது?

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் தொடவே கூடாது. இரண்டும் ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால்? வீட்டில் இருக்கும் சார்பிட்ரேட்டைக் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் வரை நைட்ரேட் ஆபத்துதான். வெட்கப்பட்டு மறைத்தால் ஆஸ்பத்திரியிலும் அதே மருந்தைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

சமீபத்தில் வந்த மாரடைப்பு அல்லது பக்கவாதம், பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், கல்லீரல், சிறுநீரகப் பிரச்சினை, கண் பார்வைக் கோளாறு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சில்டெனாஃபில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான். வேலை செய்யவில்லையே என்று இன்னொன்று போடாதீர்கள். எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி சாப்பிட்டிருந்தால் வேலை செய்யத் தாமதமாகும். மதுவோடு சேர்ந்தால் தலைசுற்றல் வரலாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு வரலாம். ஆனால் விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரென பார்வையோ கேட்கும் திறனோ குறைந்தாலோ தாமதிக்கக் கூடாது.

'சைடு எஃபெக்ட் இல்லாத' லேகியம்?

வெளிநாடுகளில் 'மூலிகை' என்று விற்ற பொருட்களிலேயே சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இங்கே பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதையே 1954-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது.

இன்னொரு முக்கிய விஷயம். விறைப்புக் குறைபாடு சர்க்கரை நோயின் அறிகுறியாகவோ, இதய நோயின் முன்னறிவிப்பாகவோ இருக்கலாம். 2021-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். உள்ளூரில் பேசக் கூச்சமாக இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். டாக்டருக்கு இது தினமும் கேட்கிற சாதாரண விஷயம்தான்.