முன்தேதியிட்ட சம்பள உயர்வு: யாருக்கு உரிமை?

நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அப்பா மத்திய அரசு ஊழியர். சம்பளக் கமிஷன் வந்தபோது மொத்தமாக அரியர்ஸ் வாங்கியவர். பிள்ளை தனியார் கம்பெனி. ஏப்ரல் உயர்வு ஆகஸ்டில்தான் வருகிறது, நடுவில் நாலு மாசத்துக்கு ஒன்றும் கிடையாது. "இது நியாயமா, அய்யா?" என்று கேட்பார்கள். கடை நடத்தி ஆட்களுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தே அறுபதைத் தாண்டியவன் நான். புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உயர்வை முன்தேதியிட்டே தர வேண்டும் என்று எல்லா முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. எந்தத் தேதி முதல் என்று ஏதாவதொரு காகிதம் சொல்ல வேண்டும்.

அரசு ஊழியருக்கு அந்தக் காகிதம் அரசாணை. ஆறாவது கமிஷன் சம்பளம் 2008-ல்தான் கைக்கு வந்தது. ஆனால் கணக்கு 1.1.2006 முதல். நிலுவையை 40, 60 சதவீதமாக இரண்டு தவணையில் கொடுத்தார்கள். அங்கேயும் எல்லாமே பின்னோக்கிப் போவதில்லை. ஏழாவது கமிஷனில் அடிப்படைச் சம்பளம் 1.1.2016 முதல், திருத்திய வீட்டு வாடகைப்படியோ 1.7.2017 முதல்தான்.

வங்கிக்காரர்களுக்கு அது ஒப்பந்தம். 8.3.2024 அன்று கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தம் 1.11.2022 முதல் செல்லும் என்று எழுதியதால் நிலுவை வந்தது.

தனியாரில் நியமனக் கடிதத்தையும் உயர்வுக் கடிதத்தையும் பாருங்கள். "ஏப்ரல் 1 முதல்" என்று தேதி விழுந்திருந்தால், எப்போது அறிவித்தாலும் அந்த வித்தியாசம் முதலாளியின் கடன். "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று மட்டும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், உரிமையென்று வாதாட முடியாது. வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம்.

குறைந்தபட்சக் கூலி மட்டும் வேறு ரகம். அரசு குறித்த தேதியிலிருந்து அதைக் கொடுத்தே தீர வேண்டும். ஆணை கைக்குத் தாமதமாக வந்தது என்று முதலாளி தப்பிக்க முடியாது.

வர வேண்டியது வராவிட்டால் முன்பு ஆறு மாதம் அல்லது ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது மூன்று வருஷம். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

நிலுவை மொத்தமாக வந்தால் வரி கூடுமே என்று பயப்பட வேண்டாம். அந்தந்த வருஷத்துக்குப் பிரித்துக் கணக்கிட்டுச் சலுகை கேட்கலாம். ரிட்டர்ன் போடுமுன் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

என்னைப் போன்ற வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிறர் கூலியைப் பிடித்து வைப்பதும் களவுதான் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். கொடுக்க மனசில்லாத தேதியை எழுதாதீர்கள், எழுதிவிட்டால் கொடுத்துவிடுங்கள்.