மறதி நோயும் மன மகிழ்ச்சியும்

முதுமை எய்தினால் அறிவு மழுங்குவது இயற்கையே என்று நம் நாட்டில் பலர் கருதுகின்றனர். பேச்சில் தடுமாறும் முதியவரை வடநாட்டார் 'ஸடியா கயே' என்பர். அறுபதை எட்டிவிட்டார் என்பதே அச்சொல்லின் அடிப்படை. ஆனால் இவ்வெண்ணம் தவறானது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமையின் இயல்பாகலாம். சாவி எதற்குப் பயன்படுவது என்பதையே மறப்பது நோயாகும். டிமென்ஷியா என வைத்தியர்கள் அழைக்கும் இம்மறதி நோய், நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையவர்களில் 100க்கு 7 பேருக்குச் சற்று மிகுதியாக, ஏறத்தாழ 88 லட்சம் பேரைப் பற்றியிருக்கிறது என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இவர்களில் மிகப் பலர் மருத்துவ மனையில் அல்ல, தம் மக்களின் இல்லங்களிலேயே வாழ்கின்றனர். ஆகவே இந்நோயைப் பற்றிய அறிவு கிராமப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாததாகும்.

இந்நோயின் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய வைத்தியரான அலோயிஸ் அல்சைமர், 1906இல் தம் நோயாளி ஒருவர் இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்து, நரம்பணுக்களின் இடையே படிந்த திட்டுகளையும் அணுக்களுக்குள் முறுக்குண்ட இழைகளையும் கண்டு விவரித்தார். இம்மாறுதல்கள், மூளையின் பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பைத் தொடக்கத்திலேயே தாக்குகின்றன. புதிய செய்திகளை ஞாபகத்தில் பதிய வைப்பது இவ்வுறுப்பே. எனவேதான் காலையில் உண்டதை மறந்தவர், சிறு வயதில் படித்த பள்ளியை விரிவாக வருணிக்கிறார். கைப்பழக்கத்தால் வந்த திறமைகளும், நெடுங்காலம் பழகிய பாட்டும் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால், பலருக்கு நெடுநாள் வரை நிலைத்திருக்கின்றன.

இங்கு மற்றோர் உண்மையும் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமும் மகிழ்ச்சியும் ஊட்டும் திரைப்படத் துணுக்குகளைக் காட்டிச் சோதித்து, 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். படத்தில் கண்டவற்றை நோயாளிகள் சிறிது நேரத்தில் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஆனால் அது எழுப்பிய உணர்ச்சி மறையவில்லை. காரணம் மறந்த பின்னும் துயரம் துயரமாகவே நின்றது, மகிழ்ச்சியும் அவ்வாறே. இதிலிருந்து பெறப்படுவது யாது? நாம் கடிந்துரைத்த சொல்லை நோயாளி மறந்துவிடுவார். அது தந்த வேதனையை உடனே மறந்துவிடமாட்டார். நாம் அளித்த மகிழ்ச்சியும் வீண் போவதில்லை.

இதனை எழுதுபவரின் தாயாருக்கும் இந்நோய் உண்டு. தில்லியில் வசிக்கும் அவர், மாலைதோறும், "அப்பா ஆபீஸிலிருந்து வந்தாச்சா?" என்று கேட்பார். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. உண்மையை உரைப்பதே கடமை என்று தொடக்கத்தில் எண்ணி, அவ்வாறே கூறி வந்தேன். ஒவ்வொரு மாலையும் அவர் அச்செய்தியை முதன் முறையாகக் கேட்பவர் போலவே அழுதார். காரணம் மறந்த பின்னும் இரவு உணவைத் தொடமாட்டார். பின்னர் நான், "அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும், அம்மா?" என்று கேட்கத் தொடங்கினேன். குளிர்காலத்தில் ஒரு கூடை பச்சைப் பட்டாணியை எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டால், அவர் விரல்கள் தாமாகவே தோலை உரிக்கும். வாய் பழங்கதைகளைச் சொல்லும். என் மந்த வேகத்தைக் கண்டு நகைப்பார். நோய் குறையவில்லை, ஆனால் அம்மாலைகளில் அழுகை குறைந்தது.

இதைப் போன்று அவரவர் பழக்கத்திற்கு ஏற்ற செயலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நெசவாளருக்கு நூற்கண்டும், குடியானவருக்கு விதை பொறுக்குதலும், ஆசிரியராயிருந்தவருக்குக் கரும்பலகையும் பொருத்தமாகலாம். ஒரு நேரத்தில் ஒரு செயலே போதும். செய்தது சரியா தவறா என்று பரீட்சிக்கலாகாது. "இவர் யார், தெரிகிறதா?" என்று கேட்டு நாணச் செய்யாமல், "உங்கள் பேரன் வந்திருக்கிறான்" என்று நாமே சொல்லிவிடுவது நன்று. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிப்பதில் ஆசிரியர்கள் பெரிதும் துணை புரியலாம்.

பணியாளர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். தைராய்டுக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களில் திடீரெனத் தோன்றும் குழப்பம், காய்ச்சல் அல்லது தொற்றின் விளைவாகலாம். அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எழுத்தறிவில்லாதவரையும் சோதிக்க முடியும். ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடைபெற்ற ஆராய்ச்சிக்கென இந்தியில் அமைக்கப்பெற்று 1995இல் வெளியான வினாத்தொகுதியில், இப்போது காலையா, பகலா, மாலையா என்று வினவும் முறை கையாளப்பட்டது.

அல்சைமர் நோயை அறவே நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நோய்க்குறிகளை ஓரளவு தணிக்கும் மருந்துகள் உண்டு. பராமரிப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஆவார். அவருக்கு உறக்கமும் ஓய்வும் கிடைக்குமாறு பிறர் முறை வைத்து உதவுதல் வேண்டும். சோர்வு மிகுந்தால், அரசாங்கம் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தொலைபேசி வாயிலாக அணுகலாம். பணியாளர் ஒரு வீட்டிற்குச் செல்லும்பொழுது நோயாளியின் நிலையை விசாரிப்பதோடு, "நேற்றிரவு நீங்கள் உறங்கினீர்களா?" என்று பராமரிப்பவரையும் விசாரிப்பாராக. களைத்தவர் பிறரை மகிழ்விப்பது அரிது.