மணியோசைக்குப்பின் வந்த மாணாக்கன்

யாம் பிறந்த சேரப்பணஞ்சேரியின் வழியே இந்நாளில் ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஏறுவோர் எத்தெருவினரென ஓட்டுநர் வினவுவதில்லை; இடம் எங்கு வெறிதோ அங்கே அமர்கின்றனர். ஆயினும் இப்பக்கத்துச் சிறார் பள்ளியில் ஒரே பலகையில் அமரும் உரிமை அத்துணை எளிதில் வந்ததன்று. அதனை ஒரு பாலனது அநுபவத்தைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அப்பாலன் பிற்காலத்தில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் எனப் புகழ்பெற்றவர். 1930இல் இலண்டன் வட்டமேசை மகாநாட்டிற்கு அம்பேத்கருடன் சென்றவர். இவர் பிறந்த கோழியாளம் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ளது. எம் ஊரும் முன்னாளில் அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்ததே. 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயமுத்தூரில் தாம் பயின்ற நாட்களைப்பற்றிச் சில வரிகளே எழுதியுள்ளார். அக்கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணாக்கர். பத்துப் பேரொழிய ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். சீனிவாசனார் வீட்டினின்று புறப்பட்டு, பள்ளிக்கு வெளியே எங்கேனும் புத்தகத்தை விரித்துக்கொண்டிருப்பார். மணியடித்தபின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் உடன்பயில்வோர் தம்மை எட்டிப் பிடியாவண்ணம் விரைந்து நடந்து வீடு சேர்வார்.

இஃது ஏன்? அவரை எவரும் அடித்ததாக அவர் அவ்விடத்தில் எழுதவில்லை. பள்ளிக்கதவும் அவருக்குத் திறந்தேயிருந்தது. ஆனால் விளையாடினால் நட்பு உண்டாகும், நட்பு உண்டானால், "உன் வீடு எங்கே?" என்ற வினா பிறக்கும், வீடு தெரியின் தெரு தெரியும், தெரு தெரியின் சாதி தெரியும். ஆதலின் அச்சிறுவர் விளையாட்டையே துறந்தார். பள்ளியிற் சேர்க்கப்படுதல் ஒன்று, பள்ளியிற் சேர்ந்திருத்தல் மற்றொன்று என்பது இதனால் விளங்கும்.

சென்னையில் 1837இல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் தொடங்கிய பள்ளியில், மறு ஆண்டிலேயே தாழ்த்தப்பட்ட சிறுவர் சிலர் சேர்ந்தமை தெரியவர, உயர்சாதிப் பெற்றோர் அவர்களை நீக்குமாறு கேட்டனர். அவர் இசையாராக, பல பிள்ளைகள் விலகினர். அவ்வளவு உறுதி எங்கும் இருந்ததெனச் சொல்லுதற்கில்லை. 1894இல் ஆல்காட் துரை அடையாற்றில் நிறுவியதும் பஞ்சமர்க்கெனத் தனிப்பள்ளியே. தனிப்பள்ளி எழுத்தைக் கொடுத்தது; அடுத்த பலகைத் தோழனைக் கொடுக்கவில்லை. அக்கிரகாரம், கோயில் முதலிய இடங்களிலிருந்த பொதுப்பள்ளிகளை யாவரும் அணுகுமிடத்திற்கு மாற்றுமாறு அரசாங்கத்தார் ஆணையிட்டதோ 1919இல்.

கடல்கடந்த தேசத்திலும் இவ்வண்ணமே. 1960 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அரசாங்கக் காவலர் சூழ வெள்ளையர் பள்ளிக்குட் சென்றாள். பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயினர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை ஒருவரே, வெற்றுப் பலகைகளுக்கிடையே, அவ்வாண்டு முழுவதும் அவளுக்குத் தனியே பாடஞ் சொன்னார். அவளைக் கண்டு மற்றவர் விலகினர். எம் ஜில்லாப் பாலனோ மற்றவர் காணுமுன் தாமே விலகினார். எது கொடிதென்று எம்மால் துணியக்கூடவில்லை.

நம் நாட்டில் இது பழங்கதையாயிற்றென எண்ணற்க. 2023இல் நாங்குநேரியில் மாணாக்கன் ஒருவன் உடன்பயின்றோராலேயே வீட்டில் வெட்டுண்டான். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மணிக்கட்டிற் கட்டும் வண்ணக்கயிறுகளை விலக்கவும், அகரவரிசைப்படி மாணாக்கரை அமர்த்தவும் 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்தல் எளிது. வினாவை அறுத்தல் அரிது.

யாம் முன்னர்ப் பயின்ற ஒரு பள்ளியில், முதல் வாரத்தில் தோழனொருவன், "உங்கள் வீடு ஊருக்குள்ளா, அப்பாலா?" என்றான். "ஏரிக்கரைப் பக்கம்" என்று சொல்லிவிட்டு விரைந்து நடந்தோம். சீனிவாசனாரது நூலை அப்பொழுது யாம் படித்ததில்லை. சென்ற ஆண்டு படித்தபின், அத்தோழனை எம் வீட்டிற்கு அழைத்தோம். வந்தான், அன்னை கொடுத்த காப்பியை அருந்திவிட்டு, ஏரியில் நீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கவேண்டுமென்றான்.