நெட் வருது, பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் மட்டும் வரலை: ஏன்?

கீழ்வீட்டில் ஒரு டெஸ்க்டாப், லேன் கேபிளில். மாடியில் ஒரு லேப்டாப், வைஃபையில். இரண்டிலும் யூடியூப் நன்றாக ஓடுகிறது. ஆனால் லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலைத் திறக்க முடியவில்லை. டெஸ்க்டாப்பில் மாட்டியிருக்கும் பிரிண்டருக்கு பிரிண்ட் கொடுக்கவும் முடியவில்லை. "நெட்டு நல்லாத்தானே வருது, அப்புறம் இது மட்டும் ஏன் வேலை செய்யல?" கொருக்குப்பேட்டையில் கம்ப்யூட்டர் விஷயமாக என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் வீட்டிலேயே லாரி புக்கிங் கணக்கு, கடை பில், ஜாப் டைப்பிங் என்று செய்கிறவர்கள் நிறைய. இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாவிட்டால் பென் டிரைவ்தான் வழி. ஒரே கணக்கு ஃபைலுக்குக் கீழே ஒரு பிரதி, மேலே ஒரு பிரதி. எது புதுசு என்று பார்க்காமல் பழையதை அதன்மேல் ஒட்டிவிட்டால் ஒரு வாரத்து வேலை போச்சு. இதற்குத் தீர்வாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது இரண்டு: "புது ரவுட்டர் வாங்குங்க", இல்லையென்றால் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க". முதலாவது பணத்துக்குக் கேடு, இரண்டாவது கணக்குக்கே கேடு. இந்த இரண்டுக்கும் போவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டிலும் நெட் வருவது எதற்கும் சாட்சி அல்ல

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவரும் சென்ட்ரலுக்குப் போகலாம், அந்தப் பக்கம் இருப்பவரும் போகலாம். ஆனால் கேட் மூடியிருந்தால் இவர் அவர் வீட்டுக்குப் போக முடியாது. வெளியூருக்கு வழி இருக்கிறது, எதிர்வீட்டுக்கு வழி இல்லை. வீட்டு நெட்வொர்க்கிலும் இதேதான். இரண்டு கம்ப்யூட்டரும் இணையத்துக்குப் போவது ஒரு பாதை. ஒன்றையொன்று பார்ப்பது வேறு பாதை. அந்தப் பாதையில் எங்கே கேட் போட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

"கேபிளும் வைஃபையும் வேற வேற டெக்னாலஜி சார், ஒத்துப்போகாது" என்று சொல்கிறவர்களும் உண்டு. இது சரியில்லை. இரண்டுக்கும் உறவு நெருக்கமானது. நார்மன் ஆப்ராம்சன் குழு ஹவாய்த் தீவுகளில் ரேடியோ மூலம் கணினிகளை இணைத்த அலோஹாநெட் 1971-ல் செயல்பட ஆரம்பித்தது. அதைப் படித்து, அதன் குறைகளை யோசித்துத்தான் ராபர்ட் மெட்கால்ஃப் 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டை எழுதினார். அதாவது காற்றில் வந்த யோசனைதான் கம்பிக்குள் போனது. பிறகு 1997-ல் வைஃபைக்கான தரம் வந்தபோது, ஈதர்நெட் பயன்படுத்தும் அதே 48 பிட் மேக் முகவரியையே அதுவும் எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு சாதாரண வீட்டு ரவுட்டர், கேபிளில் வந்ததை வைஃபைக்கும் வைஃபையில் வந்ததைக் கேபிளுக்கும் சிரமமில்லாமல் மாற்றிக் கொடுக்கும். இரண்டும் பேசவில்லை என்றால் யாரோ, எதுவோ நடுவில் நிற்கிறது என்று அர்த்தம்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் போய் ஐபி முகவரியைப் பார்த்து ஒரு பேப்பரில் எழுதுங்கள். நான்கு பகுதி உள்ள எண். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க். மூன்று விதமாக வரலாம்:

1. டெஸ்க்டாப் 192.168.1.5, லேப்டாப் 192.168.1.8: ஒரே நெட்வொர்க்.
2. டெஸ்க்டாப் 192.168.1.5, லேப்டாப் 192.168.0.8: வேறு வேறு நெட்வொர்க்.
3. ஏதாவது ஒன்றில் 169.254 என்று ஆரம்பிக்கும் எண்: அந்தக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. தானாக ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கேபிள் முனை, போர்ட், ரவுட்டர் ரீஸ்டார்ட், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதில் நெட்டும் வராது, அதனால் சீக்கிரம் தெரிந்துவிடும். குழப்புவது இரண்டாவதுதான்.

இரண்டு பெட்டி வைத்த வீடு

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்கிறவர் ஒரு மோடம் பெட்டி மாட்டிவிட்டுப் போகிறார். அதன் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று நாம் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்து மாடியில் வைக்கிறோம். இப்போது வீட்டில் முகவரி கொடுக்கும் அதிகாரிகள் இரண்டு பேர். மோடம் தனக்குக் கீழே ஒரு வரிசை கொடுக்கிறது, ரவுட்டர் தனக்குக் கீழே வேறு வரிசை கொடுக்கிறது. டெஸ்க்டாப் மோடத்தில், லேப்டாப் ரவுட்டரில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடி லேப்டாப்பில் இருந்து டெஸ்க்டாப்பின் எண்ணை நேராக \\192.168.1.5 என்று அடித்தால் பல நேரம் திறந்துவிடும். ரவுட்டருக்கு உள்ளே இருப்பவர் வெளியே போகலாம் என்பதுதான் அதன் விதி. ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்து லேப்டாப்புக்கு வர முடியாது, வெளியிலிருந்து வருகிறவரை ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். நெட்வொர்க் பட்டியலில் பெயரும் தெரியாது, ஏனென்றால் "யார் யார் இருக்கீங்க?" என்று கம்ப்யூட்டர் போடும் சத்தம் ரவுட்டரைத் தாண்டாது. "ஒரு பக்கம் வேலை செய்யுது, இன்னொரு பக்கம் செய்யல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது: "வீட்டுல எத்தனை பெட்டி இருக்கு?"

தீர்வு சுலபம். டெஸ்க்டாப்பின் கேபிளையும் இரண்டாவது ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு மாற்ற முடிந்தால் அதோடு முடிந்தது. முடியாவிட்டால் ரவுட்டர் செட்டிங்ஸில் 'ஆக்ஸஸ் பாயின்ட் மோட்' இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் ரவுட்டர் முகவரி கொடுப்பதை விட்டுவிட்டு வெறும் வைஃபை கம்பமாகிவிடும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டரில், முதலில் அதன் சொந்த எண்ணை மோடத்தோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபி என்பதை அணைத்து, பிறகு மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் சொருக வேண்டும். புதுசாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

ஒரே வரிசை, ஆனாலும் பேசவில்லை

எண்கள் ஒரே வரிசையில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் கேட் இரண்டு இடத்தில் இருக்கலாம்: ரவுட்டரில், அல்லது விண்டோஸில். எது என்று பார்க்க ஒரு சின்ன சோதனை. டெஸ்க்டாப் தூங்கவில்லை (ஸ்லீப் மோடில் இல்லை) என்று உறுதி செய்துகொண்டு, லேப்டாப்பின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையோடு டெஸ்க்டாப்பின் எண்ணை அடியுங்கள்.

பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது, பிரச்சினை ஷேரிங் செட்டிங்ஸிலோ பாஸ்வேர்டிலோ. பதில் வராவிட்டால் உடனே "லைன் கட்" என்று முடிவு கட்டாதீர்கள். என்ன சொல்கிறது என்று படியுங்கள்.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், "இந்த எண் யாருடையது?" என்று லேப்டாப் கேட்ட கேள்விக்கே பதில் வரவில்லை. ரவுட்டரைப் பாருங்கள். லேப்டாப் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்திருக்கிறதா? விருந்தாளிக்கு நெட் மட்டும் கொடுத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் காட்டாமல் இருப்பதுதான் கெஸ்ட் வைஃபையின் வேலை. அது இல்லையென்றால் 'ஏபி ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். ஹோட்டலுக்கும் ஹாஸ்டலுக்கும் நல்லது, வீட்டில் எடுத்துவிடலாம்.

'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால் பெரும்பாலும் நிலைமை வேறு. டெஸ்க்டாப் "நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டது, ஆனால் பிங்குக்கு பதில் சொல்ல மறுக்கிறது. கேபிளும் வைஃபையும் நன்றாகவே இருக்கின்றன. கேட் விண்டோஸில்.

விண்டோஸ் போடும் கேட்

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என்று பிரித்து வைக்கும். பப்ளிக் என்றால் ரயில்வே ஸ்டேஷன் வைஃபைபோல நினைத்துக்கொண்டு யாருக்கும் முகம் காட்டாது. ரவுட்டரை மாற்றினால் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பப்ளிக்காகப் போட்டுவிடும். "நேத்துவரை வேலை செஞ்சுதே" என்பதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

எந்தக் கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறதோ அதில், வீட்டு நெட்வொர்க்கை பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் பிரைவேட்டுக்கு மட்டும் ஆன் செய்யுங்கள். ஃபயர்வால் ஆனிலேயே இருக்கட்டும், இந்த இரண்டுக்கான வழியை அதுவே திறந்துகொள்ளும். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள் இன்னொரு ஃபயர்வால் இருக்கலாம், அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

ஷேர் செய்யும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு யூசர் அக்கவுண்ட் வைத்து அதன் வழியாகவே போங்கள். பாஸ்வேர்டு இல்லாத ஷேரை விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகள் பலவும் ஏற்பதில்லை.

கரண்ட் போய் வந்த பிறகு

இன்னொரு புகார்: "கரண்ட் போய் வந்தா மறுபடி வேலை செய்யல." மோடம் திரும்ப எழுந்து முகவரிகளைப் புதிதாகக் கொடுக்கும்போது டெஸ்க்டாப்பின் எண் 5-லிருந்து 7 ஆகியிருக்கும். லேப்டாப்பில் வைத்த ஷார்ட்கட் இன்னும் 5-ஐத் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்பதில் டெஸ்க்டாப்பின் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். லேப்டாப்புக்கும் ஒதுக்குவதாக இருந்தால், 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' என்பது அதில் ஆஃபாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேக் முகவரியே மாறக்கூடும், ஒதுக்கீடு நிற்காமல் போகலாம்.

ஃபயர்வாலை ஏன் அணைக்கக் கூடாது

அணைத்தால் சில நேரம் உடனே வேலை செய்யும். அதனால்தான் அந்த ஆலோசனை இத்தனை பிரபலம். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகளின் வேலையே நின்றது. அது பரவிய வழி, வீட்டில் நாம் ஃபைல் ஷேரிங் செய்யும் அதே எஸ்எம்பி வழிதான், அதன் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டால், அதே நெட்வொர்க்கில் கதவு திறந்து கிடக்கும் மற்றதற்கும் தானாகவே தாவியது. ஆகவே பழைய பிரிண்டருக்காகவோ பழைய விண்டோஸுக்காகவோ 'எஸ்எம்பி 1'-ஐ ஆன் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சோதனைக்காக ஒரு நிமிஷம் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மோடத்துக்கு வரும் ஃபைபர் வயரைத் தொடாமல், மோடத்தின் வழியாக இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். பார்த்த கையோடு திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்ததும் கடைசியாக இரண்டு வேலை. கணக்கு ஃபைலை ஒரே இடத்தில், டெஸ்க்டாப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து அதையே திறந்து வேலை செய்யுங்கள். பென் டிரைவை பேக்கப் எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த பிறகு கழற்றி பீரோவில் வையுங்கள். அப்புறம், டெஸ்க்டாப்பின் எண், ரவுட்டரின் எண், எந்த கேபிள் எந்த போர்ட்டில் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரவுட்டர் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யார் பார்க்க வந்தாலும் பாதி நேரம் மிச்சம்.