முயலுக்கு ஒரு சின்ன ரைபிள்: நியூசிலாந்து உழவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

நமக்குக் காட்டுப்பன்றி, மயில் எப்படியோ, நியூசிலாந்து உழவருக்கு முயல் அப்படி. வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்கென்று சொந்தமாகத் தரைப் பாலூட்டிகளே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் கொண்டுபோய் விட்ட முயல், தின்பதற்கு ஆளில்லாமல் பெருகியது. 1876-லேயே முயல் தொல்லைக்குத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. பத்து முயல் ஒரு செம்மறி ஆட்டின் புல்லைத் தின்றுவிடும் என்பது அங்கே வழக்கமான கணக்கு.

1080, பிண்டோன் என்ற நஞ்சுத் தீனிகள் அங்கே புழக்கத்தில் உண்டு. மண்ணில் நஞ்சு வைக்க மனமில்லாத உழவர்களுக்கு மிஞ்சுவது வேலி, வளை இடிப்பு, பிறகு .22 என்கிற சிறு குழல் ரைபிள். அதற்கு என்னென்ன பார்க்கிறார்கள்?

பின்கட்டை அளவு

தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்கட்டைதான் முதலில். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரல் விசையைச் சிரமம் இல்லாமல் தொட வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். குட்டையான ஆட்களுக்கும், குளிருக்குத் தடித்த சட்டை போடுகிறவர்களுக்கும் கட்டை இன்னும் குறைய வேண்டும். அடியில் தகடு வைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டை இருந்தால் வீட்டில் இரண்டு பேருக்குப் பயன்படும்.

டிராக்டரிலும் ஜீப்பிலும் வைக்கச் சின்னதாக இருக்கட்டும் என்று மடக்குக் கட்டை தேடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்நாட்டுச் சட்டத்தில் அது கைத்துப்பாக்கி. சாதாரண உரிமம் செல்லாது. அதனால் குழலையும் கட்டையையும் இரண்டாகக் கழற்றிப் பையில் வைக்கும் வகையைப் பலர் விரும்புகிறார்கள். ரூகர் 10/22 ரைபிளில் இந்த வகை 2012-ல் வந்தது. கழற்றி மாட்டினால் குறி சற்று விலகலாம். ஒவ்வொரு முறையும் அட்டையில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போக வேண்டும்.

துணைக் கருவிகள்

ஸ்கோப்: நான்கு மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். .22-க்கு முயல் மீது நம்பிச் சுடும் தூரமே 50, 60 மீட்டர்தான். பெரிய ஸ்கோப் பாரம்தான் கூட்டும்.

சைலன்சர்: அங்கே சட்டப்படி வாங்கலாம். ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவோடு சேர்த்தால் ஒன்றைச் சுட்டவுடன் மற்றவை ஓடிவிடாது. காதுக்கும் நல்லது. குழல் முனையில் மரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

மேகசின்: 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு அரைத் தானியங்கி வகை ரைபிள்கள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. .22-க்கு விலக்கு உண்டு, ஆனால் மேகசின் பத்துத் தோட்டாவைத் தாண்டக் கூடாது.

தோள் வார்: வேலி தாண்டும்போது இரண்டு கையும் வேண்டும். தாண்டும் முன் தோட்டாவை எடுத்துவிடுவது வாரைவிட முக்கியம்.

தோட்டாவிலும் நஞ்சு உண்டு

இயற்கை உழவர் மறக்கக் கூடாதது இது. .22 தோட்டாவின் தலை பெரும்பாலும் ஈயம். சுட்ட முயலை வயலில் போட்டுவிட்டால் பருந்தும் நாயும் தின்னும், ஈயம் உடம்பில் ஏறும். கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் இப்படித்தான் செத்தன. 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை அந்த மாநிலம் முழுக்கத் தடை செய்தார்கள். நஞ்சுத் தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈயத்தை விதைப்பதில் என்ன நியாயம்? செம்பில் செய்த தோட்டா கிடைக்கிறது, விலை கூடுதல். இல்லையென்றால் செத்ததைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

குறி தவறினால் இந்தச் சின்னத் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. இன்னொன்று: முயல் ஒரு மாதத்தில் குட்டி போடும். வளையையும் புதரையும் அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு நல்ல ரைபிள் வாங்கினாலும் சுட்டு மாளாது.

நம்ம ஊரில்?

நாமும் ஒன்று வாங்கலாமான்னு கேட்டா, கூடாது. .22 ரைபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் மயில், காட்டுப்பன்றி, காட்டு முயல் எல்லாம் 1972 வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சுட்டால் சிறை. 2025-ல் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வழி செய்தபோதும், சுடும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்குத்தான் கொடுத்தது. சேதத்தைப் படம் எடுத்து, வனத்துறையில் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். நம் கையில் இருக்க வேண்டிய கருவி இப்போதைக்கு அதுதான்.